சம்பந்தியின் வம்சப் புத்தகத்தில் என் அப்பாவின் பெயர்

1

போன கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு புத்தகம் வந்தது. தடித்த அட்டை, பொன்னெழுத்து. சலவைக்கூடத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. துணியின் நிறையைக் கையில் எடுத்தவுடன் சொல்லக்கூடியவன் நான். ஆனாலும் இந்தப் புத்தகத்தை நிறுத்துப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்துக்கு வந்து, ஒரு துணி ஆலையில் இஸ்திரிப் பெட்டி பிடித்துத் தொடங்கினேன். இன்றைக்கு என்னுடைய சலவைக்கூடத்தில் பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஏழு பேர் வெள்ளைக்காரர். இந்தப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நீங்கள் ஒரு நாள் தங்கியிருந்தால், பெரும்பாலும் நான் வெளுத்த விரிப்பில்தான் படுத்திருப்பீர்கள். என் வயதுக்காரர் பென்ஷன் எடுத்துக்கொண்டு நாயோடு நடக்கப் போகிறார்கள். நான் காலை ஐந்து மணிக்குப் போய் முதல் இயந்திரத்தைப் போடுகிறேன். இதை யாரும் எனக்குத் தூக்கித் தரவில்லை.

புத்தகத்துக்கு வருகிறேன். அதை எழுதியவர் என் சம்பந்தி கரோலின். என் மகள் சுமதி, மஸ் என்கிற டேனிஷ் பொடியனைக் கட்டி வைலே நகரத்தில் இருக்கிறாள். மஸின் தாய்தான் கரோலின். அவர் அமெரிக்காக்காரி. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு டேனிஷ்காரரைக் கட்டி இங்கே வந்தவர். அவருடைய முன்னோர் வர்ஜீனியாவில், அமெரிக்கா என்றொரு நாடு உண்டாக முன்பே, இங்கிலாந்து அரசனிடம் காணி வாங்கிப் புகையிலை போட்ட பெரிய குடும்பம். அந்தக் குடும்பப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பதைக் கடைசியில் நீங்களே விளங்கிக்கொள்வீர்கள்.

அவர் முதன்முதலில் தொலைபேசியில் இதைப் பற்றிச் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டேனிஷில் வம்சம் என்பதற்கு 'ஸ்லெக்ட்' என்பார்கள். இறைச்சி வெட்டுகிறவனுக்கு 'ஸ்லக்டர்'. நான் மனிசியிடம் சொன்னேன்:

"சம்பந்தியம்மா ஏதோ இறைச்சிக்கடைப் புத்தகம் எழுதுறாவாம். எங்களையும் அதிலை போடப்போறாவாம்."

"எங்களை ஏன் அதிலை போடுறா? நாங்கள் வெள்ளிக்கிழமை மரக்கறியெல்லோ!" என்றாள் நாகேஸ்வரி.

அன்றைக்குச் சிரித்தோம்.

2

கரோலினின் டேனிஷ் என்னுடையதைவிட மோசம். ஆனால் அவர் பிழையாகக் கதைத்தால் கடைக்காரப் பிள்ளை, "என்ன வடிவான உச்சரிப்பு" என்று சிரிக்கிறாள். நான் பிழையாகக் கதைத்தால் அதே பிள்ளை, செவிடனுக்குச் சொல்வதுபோல் உரத்து, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்கிறாள். இரண்டு பேரும் பிறத்தியார்தான். அவர் விருந்தாளி. நான் வந்தேறி.

பேத்தி அல்மாவின் மூன்றாவது பிறந்தநாளுக்குப் புத்தகம் வரவேண்டும், அதில் இரண்டு பக்கம் அல்மாவின் தாய் வழிக்கு, என்பது கரோலினின் திட்டம். வைலேக்குப் போனோம். சாப்பாட்டு மேசையை நிறைத்து ஒரு வரைபடம் விரித்திருந்தார். வலது பக்கம் முழுவதும் பெட்டி பெட்டியாக அவருடைய ஆட்கள். இடது பக்கம் வெறுமை. மூலையில் நாங்கள் மூன்று பேர்.

"ஒரு சிக்கல் இருக்கிறது," என்றார் கரோலின். "சுமதி உங்கள் சொந்த மகள்தானா?"

மனிசிக்கு முகம் கறுத்துவிட்டது.

விடயம் இதுதான். நான் இங்கே வந்திறங்கியபோது பொலிசில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஆகவே நான் இராசதுரை செல்லையா. பிறகு மனிசி வந்தாள். எங்கள் வழக்கப்படி தன் பெயருக்குப் பின்னால் புருஷன் பெயரைச் சொன்னாள். ஆகவே அவள் நாகேஸ்வரி இராசதுரை. சுமதி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தாயின் குடும்பப் பெயரை அவளுக்கு எழுதிவிட்டார்கள். அதனால் கரோலினின் கணினி என்ன சொன்னதென்றால், 'இராசதுரை' என்பது என் மனிசியின் பரம்பரை. சுமதி அந்தப் பரம்பரையில் வந்தவள். செல்லையா என்கிற நான் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஆள்.

நான் விளங்கப்படுத்தினேன். சுமதி விளங்கப்படுத்தினாள். மஸ் ஒரு கடதாசியில் அம்புக்குறி போட்டு விளங்கப்படுத்தினான். கடைசியில் கரோலின் கண்ணாடியைக் கழற்றி, "அப்படியென்றால் உங்களுடைய ஆட்கள் ஒவ்வொரு தலைமுறையும் பெயரைத் தொலைக்கிறார்கள்," என்றார்.

"தொலைக்கேல்லை. அப்பாவைத் தலையிலை வைச்சுக்கொண்டு திரியிறம் எண்டு சொல்லு," என்றேன் சுமதியிடம். அவள் அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு தன் பெட்டகத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். தேவாலயப் பதிவேடு, காணி உறுதி, கடைசியில் ஒரு மரணசாசனத்தின் பிரதி. எட்டுத் தலைமுறைக்கு முந்திய பாட்டன் எழுதியதாம். சுமதி ஆங்கிலத்தை வாசித்து டேனிஷில் சொல்லிக்கொண்டு போனாள்: மூத்த மகனுக்கு ஆற்றங்கரைக் காணி, பெரிய கட்டில், செப்புக் கிடாரம், பால்மாடு நாலு, ஹன்னா, ஹன்னாவின் பிள்ளை பென், டொம், சுகி, கிழட்டுப் பீற்றர்.

"அந்தக் கடைசி ஆக்கள் ஆர்?" என்று கேட்டேன்.

கரோலின் கொஞ்சம் சிவந்தார். "அது அந்தக் காலம். தோட்டத்து அடிமைகள். அவர்கள் குடும்பம் இல்லை," என்றார். பிறகு பிரதியை நாலாக மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கள் ஆட்கள்? அவர்கள் யார்?"

நான் வாய் திறக்க முன் சுமதி சொல்லிவிட்டாள். "அப்பாவின் ஆட்கள் உடையார் வீடு."

எங்கள் ஊரில் உடையார் வீடு என்றால், வெள்ளைக்காரன் காலத்தில் ஊரையே கட்டி ஆண்ட வீடு. அவர்களும் புகையிலைதான். கரோலின் கைதட்டினார். "இரண்டு பக்கமும் பெரிய குடும்பம்! நான் நினைத்தேன்!"

மனிசி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

3

இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

என் அப்பா உடையார் வீட்டுக் கட்டாடி. வெளுக்கிறவர். சுமதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "உடையார் வீட்டோடை எங்களுக்கு நல்ல நெருக்கம்" என்று சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. அந்த வீட்டின் உள்ளுடுப்பு வரைக்கும் எங்களுக்கு நெருக்கம். அவள் அதைத் தன் பாட்டில் வளர்த்துக்கொண்டாள். நான் வளரவிட்டேன்.

அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் அறுபது வீட்டுத் துணியும் ஒரே துறையில் வெளுத்து, ஒரு துண்டு மாறாமல் வீடு போய்ச் சேரும். சேங்கொட்டைச் சாற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி போடுவார். மகன் கலியாணம் கட்டித் தனிக்குடித்தனம் போனால் தகப்பன் குறியோடு ஒரு புள்ளி கூடும். பேரன் போனால் இன்னொரு புள்ளி. இரண்டு வீடு கோபித்துப் பிரிந்தால் ஒரு கோடு சரியும். எந்த வீட்டில் எப்போது பிள்ளை பிறந்தது, எவள் பெரியபிள்ளை ஆனாள், எவர் செத்தார், எல்லாத் துடக்குத் துணியும் அவரிடம்தான் வரும். கரோலின் எட்டு வருடம் கணினியில் தட்டிச் செய்த வேலையை என் அப்பா ஒரு முடிச்சுத் துணிக்குள் வைத்திருந்தார். வைலேயில் கரோலினின் வரைபடத்தைக் கண்டவுடன், "இஞ்சை இரண்டு பெண்சாதி போலை கிடக்கு" என்று ஒரு பெட்டியைக் காட்டினேன். கரோலின் தன் குறிப்பைத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். உண்மையில் இரண்டு பெண்சாதிதானாம்.

ஊரார் குறி எல்லாம் தெரிந்த மனிதருக்குத் தன் பெயர் தன் கையில் இல்லை. அப்பாவின் தகப்பன் 'செல்லையா' என்றுதான் பதியப் போனாராம். பதிவுகாரர், "கட்டாடிக்கு என்னடா ஐயா?" என்று கேட்டு 'செல்லன்' என்று எழுதினார். கந்தையா கந்தனாவதும் பொன்னையா பொன்னனாவதும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் நடந்ததுதான். எனக்கும் பதிவில் 'இராசன்'தான். துரை நான் போட்டுக்கொண்டது.

டென்மார்க் பொலிசில் அந்த அறையில் ஒரு மேசை, ஒரு தட்டச்சு, ஒரு மொழிபெயர்ப்பாளர். குடும்பப் பெயர் என்றார்கள். வாயிலிருந்து வந்தது, "செல்லையா." வெள்ளைக்காரன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். "கட்டாடிக்கு என்ன ஐயா?" என்று அவன் கேட்கவில்லை. பதினொரு பேருக்கு வேலை கொடுக்கிறேன் என்று பெருமை பேசுகிறேனே, என் வாழ்நாளில் நான் செய்த பெரிய வேலை அதுதான். அரை நிமிடத்தில் என் அப்பாவை ஐயா ஆக்கினேன்.

4

எங்கள் சனம் வம்சம் தேடுவதில் உலகத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கரோலினுக்கு எட்டு வருடம். எங்கள் ஆட்களுக்கு இரண்டு தொலைபேசி அழைப்பு.

சுமதி ஓஹூஸ் நகரத்தில் படித்த காலத்தில் ஒரு தமிழ்ப் பொடியனோடு பழகினாள். நல்ல பொடியன். தகப்பன் ஹேர்னிங்கில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். சோபாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார், திருப்தி. போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"அண்ணை, ஊரிலை நீங்கள் எவடம்?"

ஊரைச் சொன்னேன்.

"ஊர் தெரியும் அண்ணை. ஊருக்குள்ளை எவடம்?"

நான் தெருவைச் சொன்னேன். அவர் மற்றச் சப்பாத்தைப் போட்டார். பிறகு வரவேயில்லை. பொடியனும் தொலைபேசி எடுக்கவில்லை. சலவைக்கூடம் எனக்குக் குலத்தொழில் என்று அந்த வீட்டில் பகிடி நடந்ததாக மனிசியின் காதுக்கு வந்தது. இதே தொழிலைப் பற்றி டேனிஷ் பத்திரிகையில் படம் போட்டு எழுதியிருந்தார்கள். படத்தில் நான் இயந்திரத்தில் சாய்ந்து நிற்கிறேன்.

சுமதியிடம், "சாதகம் பொருந்தேல்லை, நான்தான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அன்றைக்கு என்னோடு தமிழில் கதைப்பதை நிறுத்தினாள், பிறகு டேனிஷ்தான். அப்பா என்றும் கூப்பிடவில்லை. 'ஃபார்' என்பாள், டேனிஷ்காரர் மாதிரி. பரவாயில்லை. தகப்பன் மூர்க்கன் என்று நினைக்கட்டும். அவர்கள் எங்களைத் தள்ளினார்கள் என்று என் பிள்ளை நினைக்கக்கூடாது. பதினொரு வருடம் அதை நான் சுமந்தேன்.

5

கரோலின் உடையார் வீட்டுக்கு ஆதாரம் தேடத் தொடங்கினார். அவரிடம் ஒரு வசனம் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் சொல்வார்: "கடதாசி பொய் சொல்லாது." யாழ்ப்பாணத்தில் ஒரு வக்கீலை இணையத்தில் பிடித்து, என் பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுப்பித்துவிட்டார். எங்கள் நாட்டுச் சான்றிதழில் ஒரு கூடு இருக்கிறது, உங்களுக்குத் தெரியும்: தந்தையின் பதவி அல்லது தொழில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமதி தனியாகக் கார் ஓடி வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கைத்தொலைபேசியை மேசையில் வைத்தாள். திரையில் ஆங்கிலத்தில் செல்லன். பக்கத்தில், சலவைத் தொழில்.

"ஃபார், இது யார்?" டேனிஷில் கேட்டாள்.

"உன்ரை அப்பப்பா."

"உடையார் எங்கே?"

"உடையார்ர வேட்டியும் அப்பப்பாட்டைத்தான் இருந்தது," என்றேன். பகிடியாக எடுப்பாள் என்று நினைத்தேன்.

அவள் நின்றபடி நின்றாள். படித்த பிள்ளை. கணக்குப் போட அவளுக்கு நேரம் எடுக்கவில்லை. "அந்தச் சாதகம்," என்றாள். "சாதகம் என்று ஒன்று இருந்ததா?"

மனிசி குசினிக்குள்ளிருந்து சொன்னாள்: "இல்லைப் பிள்ளை. அவைதான் வேண்டாமெண்டவை. கொப்பா தன்ரை தலையிலை போட்டுக்கொண்டார்."

"பதினொரு வருடம்!" சுமதி கத்தினாள். "நான் உங்களை வெறுக்க விட்டீர்கள். அவர்கள் மேல் கோபப்படவேண்டிய இடத்தில் உங்கள் மேல் கோபப்பட்டேன். அது உங்களுக்குச் சுகமாக இருந்ததா?"

"உனக்கு நோகக்கூடாதெண்டு…"

"எனக்கில்லை. உங்களுக்கு நோகக்கூடாதென்று."

போகும்போது வாசலில் சொன்னாள்: புத்தகத்தில் சான்றிதழில் உள்ளபடிதான் வரும். செல்லன், சலவைத் தொழிலாளி. இனி ஒரு பொய்யும் அல்மாவுக்கு வேண்டாம். கரோலினும் அதையே விரும்புகிறார். 'தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த கதை' என்று அவருக்கு முன்னதைவிட இது நன்றாகப் பிடித்துவிட்டதாம்.

"செல்லையா எண்டது பொய்யில்லை பிள்ளை," என்றேன். "செல்லன் எண்டதுதான் பொய். அதை எழுதினவன் சொன்ன பொய்."

அதற்குள் கார்க் கதவைச் சாத்திவிட்டாள்.

6

அச்சுக்குப் போக முன் கடைசியாக எல்லோரையும் வைலேக்குக் கூப்பிட்டார் கரோலின். பக்கங்களைத் திரையில் காட்டினார். மரணசாசனம் முழுப் பக்கத்தில், வடிவாக. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். காணி, கட்டில், கிடாரம், மாடு. அதோடு படம் முடிந்திருந்தது. கீழே பாட்டனின் கையெழுத்தைத் தனியாக வெட்டி ஒட்டியிருந்தார்.

"ஹன்னா எங்கை?" என்று கேட்டேன்.

"இடம் போதவில்லை," என்றார் கரோலின். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அது ஒரு குடும்பக் கொண்டாட்டத்துக்கான புத்தகம். அந்தத் துயரத்தை ஏன்?" என்றார்.

"கடதாசி பொய் சொல்லாதெண்டனீங்கள்."

"பொய் இல்லையே. குறைத்திருக்கிறேன்."

அடுத்த பக்கம் என்னுடையது. செல்லன், சலவைத் தொழிலாளி. அங்கே இடம் தாராளம். தங்கள் பக்கத்தில் ஒரு வரி குறைக்கத் தெரிந்த கரோலினுக்கு என் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. சுமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்காக ஒரு யோசனை," என்றார் கரோலின், குழந்தைக்கு இனிப்புக் காட்டுவதுபோல. "பக்கத்தின் கீழ்ப் பாதி வெறுமையாக இருக்கிறது. உங்கள் முன்னோர் பெயர்களை உங்கள் அழகான எழுத்தில், உங்கள் கையாலேயே எழுதுங்கள். அப்படியே அச்சிடுவேன். அலங்காரமாக இருக்கும்."

கறுப்புப் பேனையும் தடித்த கடதாசியும் தந்தார். குனிந்தேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துத்தான், ஆனால் அப்பாவின் குறியைப்போல் ஒருபோதும் மாறாது. முதலில் செல்லையா என்று எழுதினேன். பேனையை எடுக்க மனம் வரவில்லை. அந்த மேசையைச் சுற்றி நாலு பேர். தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் மனிசி ஒருத்திதான், அவளும் அல்மாவுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கீழே எழுதினேன்:

அன்னம்மா.
பென்னையா.
தோமையா.
சுகியம்மா.
பேதுருப்பிள்ளை.

"எத்தனை பேர்!" என்று கரோலின் என் தோளில் தட்டினார். "பார்த்தீர்களா, நீங்கள் மறக்கவில்லை."

"இல்லை. மறக்கேல்லை," என்றேன்.

இப்போது புத்தகம் என் மேசையில் இருக்கிறது. எழுத்துகளுக்குக் கீழே சின்னதாக டேனிஷிலும் ஆங்கிலத்திலும்: 'திரு. செல்லையாவின் முன்னோர், அவருடைய கையெழுத்தில்.' அமெரிக்காவில் அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. எல்லாருக்கும் அந்தப் பக்கம்தான் நன்றாகப் பிடித்ததாம். ஒரு வீட்டில் அதைப் பெருப்பித்துக் கண்ணாடி போட்டு, பாட்டனின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்களாம்.

மனிசி அந்தப் பக்கத்தை நேற்றுத்தான் வாசித்தாள். "பேதுருப்பிள்ளையோ? எங்கடை ஆக்களிலை வேதக்காரர் ஆரப்பா?" என்று கேட்டுவிட்டு, மேலே கீழே பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்தான் சுமதிக்குச் சொல்லியிருக்கவேண்டும். மாலையில் தொலைபேசி வந்தது.

"அந்த இரண்டாவது பெயர்," என்றாள் டேனிஷில். "வாசித்துக் காட்டுங்கள்."

"அன்னம்மா."

மரணசாசனத்தை எனக்கு வாசித்துக் காட்டியவளே அவள்தான்.

"ஹன்னா," என்றாள். பிறகு, பதினொரு வருடத்துக்குப் பிறகு, உடைந்த தமிழில்: "அப்பா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? இது உண்மை இல்லையே."

"அச்சிலை வந்திட்டுது பிள்ளை," என்றேன். "கடதாசி பொய் சொல்லாதெண்டு உன்ரை மாமிதானே சொல்லுறவ."